அழைப்புச் சான்று

"உன் பேரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுதது? அது எங்க அம்மா பேருல்லா."

"பின்ன எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பாப்போம். போகப் போக ஏதாவது ஒண்ணு தோணும்."

கல்யாணமான மூன்றாம் நாள், மறுவீட்டு விருந்துக்குப் போகும் வழியில் காருக்குள் நடந்த பேச்சு இது. முன் இருக்கையில் மாமியார் காந்திமதி அம்மாள் கண்ணயர்ந்திருந்தார். பின் இருக்கையில் புது மருமகள் காந்திமதி. பக்கத்தில் குற்றாலநாதன், பெற்றவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று குரலை இறக்கிப் பேசினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாயின் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை அதட்ட மனசு வராத ஆள் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தாள். அந்தக் கணக்கு தப்பவில்லை. அவன் நல்லவன்தான்.

ஆனால் பதினோரு வருஷம் போய்விட்டது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

'இந்தா' என்பான். 'இங்க பாரு' என்பான். கையில் பை கனமாக இருந்தால் வாசலில் நின்று செருமுவான். மாமியார் இருந்தவரை 'ஏட்டி' என்பார். மாமியார் போய் மூன்று வருஷமாகிறது. நாற்பது நாள் கழியட்டும், ஒரு வருஷம் கழியட்டும் என்று காந்திமதி ஒரு வார்த்தையை மனசுக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள். கேட்டுவிடலாம் என்று வாய் திறக்கும்போதெல்லாம் குக்கர் கூவும், இல்லையென்றால் மகள் கூவுவாள். பிறகு, இதையெல்லாமா ஒருத்தி கேட்டு வாங்குவாள் என்று அவளுக்கே எரிச்சல் வந்து விட்டுவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தாமிரா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். பத்து வயசு. புத்தகப் பையைக் கழற்றிச் சோபாவில் வீசினாள்.

"நீ ஏம்மா வேண்டாம்னு சொன்ன? கிளாஸ்ல எல்லாரும் தனுஷ்கோடி போறாங்க. நான் மட்டும் போகல."

"நான் எங்கட்டி சொன்னேன்? எங்கிட்ட யாருமே கேக்கலையே!"

கேட்டிருக்கிறார்கள். மறுநாள் வகுப்பாசிரியை திரையைத் திருப்பிக் காட்டினார். பள்ளிக்கூடத்தின் கேள்வி, இந்த முறை அப்பாவிடம் போகாமல், தாமிராவின் பிறப்புப் பதிவில் 'தாய்' என்ற இடத்தில் இருக்கும் உயிரெண்ணுக்குத்தான் போயிருந்தது. பிறந்ததும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படுகிற, சாகும்வரை மாறாத பதினான்கு இலக்கம். அந்த எண்ணிலிருந்து பதிலும் வந்திருந்தது.

'நான் இந்தக் குழந்தையின் தாய் அல்ல. வீட்டில் இருக்கும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.'

கீழே பெயர்: காந்திமதி, கணித ஆசிரியை, துறையூர்.

"நான் துறையூர் பக்கமே போனதில்லையே, மிஸ்" என்றாள் காந்திமதி.

"மேடம், இதை நீங்க சீக்கிரமா சரி பண்ணிருங்க" என்றார் ஆசிரியை, ஏதோ தண்ணீர்க் குழாய் ஒழுகுவதுபோல.

அவர்கள் இருந்த பாளையங்கோட்டைக்கு அடுத்த வண்ணாரப்பேட்டையில் உயிரெண் தீர்வு மையம் என்று ஒன்று இருந்தது. அங்கே முதல் நாள் போனபோது, புகார் பதிய உயிரெண்ணைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

"உங்க எண்ணுக்கு ஒரு ரகசியச் சொல் போயிருக்கும். அதைச் சொல்லுங்க" என்றார் அந்த இருக்கையில் இருந்த செல்வின். நாற்பது வயசு, மேசையில் சுக்குக்காப்பி பிளாஸ்க்.

"அது அவளுக்குல்லா போயிருக்கும்?"

"ஆமா, அவங்களுக்குத்தான் போகும்."

"பின்ன நான் எப்படிச் சொல்ல?"

"அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க. நெறைய பேர் அப்படித்தான் பண்ணுதாங்க."

அவர் கிண்டல் பண்ணவில்லை என்பது புரிய காந்திமதிக்கு அரை நிமிஷம் ஆயிற்று. அன்று திரும்பி வந்தாள். இரண்டாம் நாள் மையத்துக்கு விடுமுறை. மூன்றாம் நாள் குற்றாலநாதனும் நில அளவை அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட வந்தான். எல்லை தெரியாத காட்டுக்குள்கூடக் கல் நட்டுவிட்டு வருகிறவன், இங்கே வரிசை எது, வாசல் எது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு புகாரைப் பதிந்தார்கள்.

"எங்க இருந்துங்க எடுத்தா என் எண்ணை?" என்று கேட்டாள்.

செல்வின் தேடிப்பார்த்துத் திரையைத் திருப்பினார். பிள்ளையார் சுழி. அதன் கீழே அவளுடைய உயிரெண், தடித்த எழுத்தில். அதற்கும் கீழே பூராட நட்சத்திரம், தனுசு ராசி, எம்.எஸ்.சி. கணிதம், மாநிறம், குடும்பப் பாங்கான பெண். மூலையில், பட்டுப்புடவையில் விழித்துக்கொண்டிருக்கும் இருபத்தி நாலு வயசுக் காந்திமதி.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா செய்த வேலை. 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்ம புள்ளையப் பத்தி என்ன வேணும்னாலும் பாத்துக்கிடட்டும், நம்மகிட்ட என்ன ஒளிவு மறைவு?' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஜாதகத்தின் தலையில் எண்ணைப் போட்டு நாற்பது குழுக்களுக்கு அனுப்பி வைத்தார். அப்பா காலமாகி ஆறு வருஷம். ஜாதகம் மட்டும் இன்னும் இணையத்தில் அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தது.

"உங்க அப்பாவைச் சொல்லிக் குத்தமில்ல" என்றார் செல்வின். "அந்தக் காலத்துல பாதிப் பேரு அப்படித்தான் போட்டாங்க. அது போக, எட்டு வருஷத்துக்கு முன்னால பெரிய கசிவு நடந்துச்சுல்லா, அப்பவே எல்லார் எண்ணும் வெளிய வந்தாச்சு. கைரேகை, கண்ணு, முகம் எல்லாம் சேத்து."

"அப்போ என் கைரேகைய வெச்சுப் பாருங்களேன்."

"அதே ரேகை அவங்க பேருலயும் பதிஞ்சிருக்கு, மேடம். ரேகைய வெச்சு இப்ப யாரையும் நாங்க நம்புததில்ல. அழைப்புச் சான்றுதான் பாக்கோம்."

"அது என்னது?"

செல்வின் சுக்குக்காப்பியை ஒரு வாய் குடித்தார். "ரேகைய ஒரு நிமிசத்துல திருடலாம். ஆறு வருஷமா, பத்து வருஷமா சுத்தியிருக்க நாலு பேரு உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைத் திருட முடியாதுல்லா? வீட்டுல சுவர்க்காது இருக்குல்ல, நாம பேசுனா ஃபேன் போடுமே, அது நம்ம பேச்சையெல்லாம் சேத்து வெக்காது. சட்டம் விடாது. ஆனா யாரு யாரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, அவங்க திரும்பி 'என்ன'ன்னு கேட்டாங்களா, அதை மட்டும் எண்ணி வெக்கும். எந்தப் பக்கம் கூடுதலோ அவங்களுக்கு எண்ணு."

"திருடுனவளுக்கே குடுத்துருவீங்களா?" என்றான் குற்றாலநாதன்.

"சார், அந்தக் கசிவுல எண்ணு கெட்டுப்போய் அடுத்தவங்க எண்ணுல ஒண்டிக்கிட்டவங்க மூணு கோடிப் பேரு. அத்தனை பேரையும் உள்ள போட ஜெயில் கிடையாது. அதான் அதுல யாரு வாழ்ந்தாங்களோ அவங்களுக்குன்னு சட்டமே வந்துட்டு."

"எண்ணு போனா எம் மக?" என்றாள் காந்திமதி.

செல்வின் இப்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தாய்ங்கிற இடமும் அந்த எண்ணோடதான் போகும், மேடம். பிரிச்சுக் குடுக்க வழியில்ல."

முதல் விசாரணை, அதே மையத்தில், பதினைந்து நாள் கழித்து. கூடத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காந்திமதி கைப்பையில் காகிதங்களைச் சரிபார்த்தாள்.

"காந்திமதி!"

மாமியாரின் இறப்புச் சான்றிதழ் எதற்கு இந்தப் பையில் இருக்கிறது என்று யோசித்தாள்.

"காந்திமதி!"

யாரோ வயசான அம்மா தூங்கிப்போய்விட்டார் போல, பாவம் என்று நினைத்தாள். குற்றாலநாதனும் அதே நினைப்பில் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது, சுவரில் இருந்த பெரிய திரையில், துறையூரிலிருந்து ஒரு குரல் உடனே வந்தது. "இருக்கேன் சார்."

மெலிந்த பெண். மூக்குக் கண்ணாடி. காந்திமதிக்கு அப்போதுதான் அது தன் பெயர் என்று உறைத்தது. எழுந்து நின்றாள். அதற்குள் செல்வின் எழுதிக்கொண்டிருந்தார். அழைத்தபோது திரும்பவில்லை, மூன்று முறை.

"சார், அது எங்க மாமியார் பேரு... இல்ல, எம் பேருதான். எங்க மாமியார் பேரும் அதான்."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள்.

கணக்கு வாசித்தார்கள். துறையூர்ப் பெண்ணை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலுமாக ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அறுபத்தோராயிரத்துச் சொச்சம் தடவை. காந்திமதி என்று கூப்பிட்டார்கள், காந்திமதி டீச்சர் என்று கூப்பிட்டார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை காந்தியத்தே என்று கூப்பிட்டது. பாளையங்கோட்டை வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்பட்டது நானூற்றுப் பன்னிரண்டு தடவை. அதாவது இருக்கிறதே என்று காந்திமதிக்கு மூச்சு வந்தது. ஆனால் செல்வின் மேலே வாசித்தார்: "அத்தனைக்கும் திரும்பிப் பதில் சொன்னது மாமியார். அவங்க காலமாகி மூணு வருஷம். அந்த வீட்டுக் காந்திமதி இறந்துட்டாங்கன்னுதான் சுவர்க்காது பதிஞ்சிருக்கு."

"அப்போ நான் யாரு?"

"உங்களுக்குப் பேர் பதிவாகல, மேடம்."

அவள் மனசுக்குள் ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தாள். தெருவில் தாமிராம்மா. கடையில் அக்கா. கொழுந்தனுக்கு மதினி, அவன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா. பெற்ற அம்மாவுக்கு இன்றுவரைக்கும் பாப்பா. எல்லோரும் பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். அதில் ஒருத்தருக்கும் அவள் பெயர் தேவைப்படவில்லை. கேஸ், போன், வீடு, ரேஷன் எல்லாம் அவன் எண்ணில். 'உனக்கெதுக்கு அந்த அலைச்சல்' என்று அக்கறையாகத்தான் அவன் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தான். குறை சொல்ல முடியாத மனிதன். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

துறையூர்ப் பெண்ணைப் பேசச் சொன்னார்கள்.

"என் எண்ண வெச்சு யாரோ என்னென்னமோ பண்ணிட்டாங்க சார். எம்மேல மூணு கேசு. வேலை போயிடுச்சு. ரெண்டு வருஷம் அலைஞ்சேன். அப்பதான் ஒரு ஜாதகத்துல இவங்க எண்ணு கெடச்சுது. தட்டிப் பாத்தேன். எம்.எஸ்.சி. கணக்கு, நானும் அதான் படிச்சேன். அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம். அதோட சரி. அதுக்கப்புறம் ஒரு அசைவும் இல்ல. ஒரு பஸ் டிக்கெட்டுகூட இல்ல." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அந்தப் பிரசவத்துலயே போய்ச் சேந்துட்டாங்கன்னு நெனச்சேன் சார். உயிரோட இருக்கறவங்க எண்ண எடுக்கணும்னு நான் நெனைக்கல."

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"கொழந்தைய நான் கேக்கல. அது அவங்க புள்ள. ஆனா எண்ணு எனக்கு வேணும். அது இல்லன்னா என் வேல இல்ல, வீடு இல்ல. ஆறு வருஷமா நான்தான் அதுல இருக்கேன்."

காந்திமதிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் தேடித் தேடி அப்பாவிடம் போயிற்று, பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவனிடம் போயிற்று, மூன்று முறை கூப்பிட்டும் உட்கார்ந்திருந்த தன்னிடமே வந்து நின்றது.

முப்பது நாள் தவணை கிடைத்தது. கிளம்பும்போது செல்வின் கூப்பிட்டு எச்சரித்தார். "சார், வீட்டுல கூப்பிடத் தொடங்குங்க. பொறந்தப்ப எண்ணு வாங்குனவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு, இந்த முப்பது நாள்ல நூறு தடவ பதிவானாப் போதும். மேடம், நீங்க அவரைக் கூப்பிடச் சொல்லாதீங்க. சொல்லிக் குடுத்துச் சொன்னா அது சுவர்க்காதுக்குத் தெரியும். எண்ணிக்கைல சேராது. ஒரு தடவ நீங்க வாய் விட்டுக் கேட்டுட்டா, அதுக்கப்புறம் அவர் கூப்பிடுத அத்தனையும் தள்ளுபடி."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் கேட்காமல் இருந்ததற்கு இப்போது சட்டமும் வந்து சேர்ந்துகொண்டது.

சுவர்க்காது வீட்டுக் கூடத்து நிலைக்கு மேலே, மாமியார் கண்ணேறுக்குக் கட்டிய படிகாரக் கல்லுக்குப் பக்கத்தில், வெள்ளையாக உள்ளங்கை அளவில் இருந்தது. மறுநாள் காலை குற்றாலநாதன் குளித்து, திருநீறு பூசி, பரீட்சைக்குப் போகிறவன்போல அடுப்படி வாசலில் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"கா... காந்திமதி."

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவளின் கண், தன்னையறியாமல், சுவரில் மாலை போட்டிருந்த மாமியாரின் படத்துக்குப் போயிற்று. அவள் 'என்ன' என்று சொல்வதற்குள் சுவர்க்காது முந்திக்கொண்டது.

"காந்திமதி அம்மாள் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். உங்கள் துயரில் பங்குகொள்கிறோம். விளக்கேற்ற நினைவூட்டட்டுமா?"

குற்றாலநாதன் பதறிப்போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். "அம்மா, மன்னிச்சிரு."

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள் காந்திமதி.

"பேரைச் சொல்லிட்டேன்லா."

"எம் பேரைத்தானே சொன்னீங்க?"

"உம் பேருதான். வாயில வரும்போது அம்மா பேராயிருது. நான் என்ன செய்ய, இந்தா பாரு, வேணும்னேவா பண்ணுதேன்?"

தோசை கருகியது. அடுத்த நாள் அவன் மாடியில் துணி காயப்போடும்போது முயன்றான். அங்கே சுவர்க்காதுக்கு எட்டவில்லை. அதற்கடுத்த நாள் 'காந்தி' வரை வந்து இருமிவிட்டான். தாமிரா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, "சொல்லுங்கப்பா, மதி, மதி" என்று எடுத்துக் கொடுத்தாள். 'பயிற்சி எனப் பதியப்பட்டது' என்றது சுவர்க்காது. அவர்கள் வீட்டில் விளக்கேற்றச் சொல்லி ஒரு வாரத்தில் ஒன்பது தடவை நினைவூட்டல் வந்தது.

ஒரு நாள் அவன் நுங்கு வாங்கி வந்து, தோல் உரித்து, அவளுக்குப் பிடித்த மாதிரி பனங்கற்கண்டு போட்டுக் கிண்ணத்தை நீட்டினான். இந்த மாதிரி நேரத்தில் பெயர் வந்துவிடும் என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் மகளின் தாய் துறையூருக்குப் போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள்.

"இந்தா, சாப்பிடு" என்றான் அவன்.

முப்பதாம் நாள் மையத்தில் சுவர்க்காதைக் கழற்றிக் கொண்டுபோய்ச் செல்வினின் மேசையில் வைத்தார்கள். அவர் தன் மேசைக் கம்பியை அதில் செருகியதும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையைப் பார்த்தார்.

"மூணு" என்றார். "ஒண்ணு பார்சல் கொண்டுவந்த ஆளு. ஒண்ணு கண் டாக்டர் கிளினிக்லருந்து போன். ஒண்ணு..." உற்றுப் பார்த்தார். "ஒண்ணு நீங்களே. உங்க பேரைக் கூப்பிட்டு நீங்களே 'என்ன'ன்னு கேட்டிருக்கீங்க."

குற்றாலநாதன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் மேசையைப் பார்த்தாள்.

"அப்போ போச்சா?" என்றாள்.

செல்வின் ஒரு காகிதத்தை எடுத்தார். "போகல, மேடம். இன்னைக்குக் காலைல துறையூர்லருந்து இது வந்துச்சு. எண்ண விட்டுக் குடுத்துட்டாங்க. இனிமே சான்று எதுவும் தேவையில்ல. உங்க எண்ணு உங்களுக்கு. புள்ளையோட தாயும் நீங்கதான்." சொல்லிவிட்டுச் சுவர்க்காதின் கம்பியை உருவினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"ஏன் விட்டுக் குடுத்தாங்க?"

"நீங்களே படிங்க."

நாலே வரி. சுத்தமான பள்ளிக்கூடத்து எழுத்து.

'அன்றைக்கு அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. நான் திரும்பினேன். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தன் பெயர் மறந்திருந்தால் நான் சும்மா இருப்பேனா? இப்படிக்கு, இளவேனில்.'

"இளவேனில் யாரு?"

"அதுதான் அவங்க சொந்தப் பேரு" என்றார் செல்வின். "ஆறு வருஷத்துல இந்தப் பேருல அவங்க கையெழுத்துப் போடுதது இதான் முதல் தடவன்னு நினைக்கேன்."

"இனிமே அவங்க என்ன பண்ணுவாங்க?"

"தெரியல, மேடம். எண்ணில்லாதவங்களுக்கு ஒரு மனு இருக்கு. வருஷக்கணக்காகும்."

காந்திமதி காகிதத்தின் கீழே இருந்த முகவரியைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த மனுவுக்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கும். அந்தச் சாட்சிக்கு இப்போது ஒரு எண் இருந்தது.

குற்றாலநாதன் நெற்றி வேர்வையைத் துடைத்தான். முப்பது நாள் பாரம் அவன் தோளிலிருந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. "அப்பாடா! ஒருவழியா முடிஞ்சுது. இனி ஒரு சோலியும் இல்ல." சுவர்க்காதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான். "இந்தா, வா. தாமிரா வந்துருவா."

அவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன, மேலுக்கு முடியலையா?" அவன் பதறித் திரும்பி வந்தான். "தண்ணி வாங்கிட்டு வரட்டா?"

காந்திமதி மேசையில் கிடந்த கம்பியைப் பார்த்தாள். இப்போது எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இனி அவன் கூப்பிட்டால் ஒரு பயனும் இல்லை, கூப்பிடாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. தாமிரா அவள் மகள். எண் அவள் எண். அடுத்த ஆளைக் கூப்பிட செல்வின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கேயும் குக்கர் கூவவில்லை.

அவள் நிமிர்ந்து, கல்யாணமான மூன்றாம் நாள் காருக்குள் குரலை இறக்கிப் பேசிய அந்த முகத்தைப் பார்த்தாள்.

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள்.